நான் நினைச்சதால தான் அப்பா போயிட்டாரா?

இந்த வாரம் எடுத்துக்கிட்டது திருப்பூர் பக்கத்துல இருந்து ஒரு வாசகி எழுதுன லெட்டர். ரொம்ப நீளமானது, அதனால சுருக்கி போடுறேன், அடையாளம் தெரியுற விஷயங்களையும் மாத்தியிருக்கேன்.

வயசு 32, எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை. வீட்டுக்காரர் மெர்ச்சன்டைசர், 7 வயசுல ஒரு பொண்ணு, கூட மாமியார். போன வருஷம் ஒரு ராத்திரி படுத்துட்டு இருந்தப்ப, "அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா?"ன்னு திடீர்னு ஒரு நினைப்பு வந்திருக்கு. மறுநாள் காலைல 6 மணிக்கு போன், அப்பா மாரடைப்புல போயிட்டாருன்னு. அப்பாவுக்கு 61 வயசு, பவர்லூம் ஓட்டுனவரு, 15 வருஷமா சுகர், பீடி பழக்கம். "என்ர நெனப்பு தானுங்க எங்கப்பாவ கொண்டுபோயிருச்சு"ன்னு எழுதியிருக்காங்க.

கொஞ்ச நாள் கழிச்சு போன்ல வீடியோ வர ஆரம்பிச்சிருக்கு, "நினைப்பதே நடக்கும், நெகடிவ்வா நினைச்சா பிரபஞ்சம் அதையே திருப்பி தரும்"னு. அதுல இருந்து மனசுல வர்ற ஒவ்வொரு நினைப்பும் பயம். வீட்டுக்காரர் பைக் எடுத்தா அவிநாசி ரோட்டுல லாரி அடிச்சு கிடக்குற மாதிரி படம் வருது, உடனே அதை "அழிக்க" தாலியை 7 தடவை கண்ணுல ஒத்திக்கணும், எண்ணிக்கை தப்புனா முதல்ல இருந்து. அவர் ஆபீஸ் போய் சேர்ற வரைக்கும் போன் மேல போன். பொண்ண ஸ்கூல் வேன்ல அனுப்புறத நிறுத்திட்டாங்க. தினமும் காலைல 3, மதியம் 6, ராத்திரி 9 தடவை "எல்லாரும் நல்லா இருக்கோம்"னு நோட்டுல எழுதுறாங்க. வேலைல கவனம் போய் ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல தப்பு வந்து மேனேஜர் கூப்பிட்டு பேசியாச்சு. மாமியார் பரிகாரம் பண்ணலாம்ங்கறாங்க, வீட்டுக்காரர் "பாசிடிவ்வா யோசி"ங்கறாரு.

அவங்க கேக்குறது நாலு கேள்வி. என் நினைப்பு தான் அப்பாவை கொன்னுச்சா? கெட்ட நினைப்பே வராம பாசிடிவ்வா மட்டும் நினைக்க என்ன வழி, 2,999 ரூபாய்க்கு ஒரு ஆன்லைன் கோர்ஸ் இருக்கு சேரலாமா? வேலையை விட்டுடலாமா? சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட போனா ஆயுசு முழுக்க மாத்திரையா, நாளைக்கு குடும்பத்துல பிரச்சனைன்னா "பைத்தியம்"னு சொல்லி டைவர்ஸ் கேப்பாங்களா?

வணக்கம்மா. முதல் கேள்விக்கு நேரடியாவே பதில் சொல்லிடுறேன், ஏன்னா மத்த மூணும் அதுல தான் தொங்குது. உங்க நினைப்பு அப்பாவை ஒண்ணும் பண்ணல.

உங்க லெட்டர்லயே ஒரு வரி இருக்கு, எழுதிட்டு நீங்களே கவனிக்காம போயிட்டீங்கன்னு நினைக்கிறேன். அந்த வாரம் அப்பா நெஞ்சுல "வாயு புடிச்ச மாதிரி" இருக்குன்னு சொல்லி ஓமத்தண்ணி குடிச்சாரு, மாடிப்படி ஏறுறப்ப நின்னு நின்னு ஏறுனாருன்னு எழுதியிருக்கீங்க. அதை பாத்த பொண்ணு நீங்க. சுகர் இருக்குறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் பல நேரம் டிவில காட்டுற மாதிரி நெஞ்சை புடிச்சுக்கிட்டு சாயுற வலியா வராது, வாயு, மூச்சு இரைப்பு, அசதின்னு தான் வரும். அதை உங்க மனசு பகல்ல பாத்து வெச்சுக்கிட்டு ராத்திரி படுத்ததும் "அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமோ"ன்னு கேட்டிருக்கு. அப்போ எது முதல்ல வந்துச்சு? வியாதி முதல்ல, நினைப்பு அப்புறம். நீங்க வரிசையை தலைகீழா மாத்தி வெச்சுக்கிட்டு பத்து பதினோரு மாசமா உங்களையே குத்தவாளி கூண்டுல நிறுத்தியிருக்கீங்க.

இன்னொண்ணு, விடியக்காலைல இருந்து மதியத்துக்குள்ள தான் மாரடைப்பு அதிகமா வருதுன்னு பல காலமா மருத்துவத்துல தெரிஞ்ச விஷயம், தூங்கி எந்திரிக்கிற நேரத்துல பிபி, அட்ரினலின் எல்லாம் ஏறும், ரத்தம் உறையுற தன்மையும் கூடும். ராத்திரி நினைச்சேன் காலைல நடந்துச்சுன்னு உங்களுக்கு தோணுறதுல இதுக்கும் ஒரு பங்கு இருக்கு. காலேஜ் படிக்கிறப்ப அப்பா வர லேட் ஆனா பயந்திருப்பீங்க, கொரோனா நேரத்துல எத்தனை தடவை பயந்திருப்பீங்க, அப்போல்லாம் ஒண்ணும் ஆகல, அதனால அதெல்லாம் ஞாபகத்துல தங்கல. பலிச்ச ஒண்ணு மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது.

இதை படிச்சுட்டு உடனே "அப்போ நான் முன்னாடியே கண்டுபிடிச்சு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருக்கணுமே"ன்னு அடுத்த குத்தத்தை நீங்க எடுத்துக்குவீங்கன்னு எனக்கு தெரியும். வாயுன்னு அவரே சொன்னாரு, வீட்டுல எல்லாரும் அப்படித்தான் நம்புனாங்க. அதுக்கு மேல உங்களுக்கு மட்டும் தனியா என்ன தெரிஞ்சிருக்க முடியும்?

நினைப்பு எதை பண்ணும், எதை பண்ணாது

வீடியோல சொல்றதுல பாதி உண்மை இருக்கறதால தான் உங்கள மாதிரி படிச்சவங்களும் நம்புறாங்க. நினைப்பு நம்ம உணர்ச்சியை மாத்தும், உடம்பையும் மாத்தும், இது உண்மை. 1960கள்ல அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ஆரன் பெக்னு ஒரு சைக்கியாட்ரிஸ்ட் (2021ல தான் 100 வயசுல காலமானாரு) மனச்சோர்வுல இருக்குறவங்களை பாக்குறப்ப ஒண்ணை கவனிச்சாரு. சோகமோ பயமோ வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடி மனசுல சின்னதா ஒரு வாக்கியம் ஓடுது, "என்னால ஒண்ணும் முடியாது", "இவங்களுக்கு என்ன புடிக்கல" அப்படின்னு. அது தானா வருது, நாம அதை கேள்வியே கேக்காம உண்மைன்னு எடுத்துக்கிறோம், உணர்ச்சி அது பின்னாடியே வருது. இன்னைக்கு சிபிடின்னு சொல்ற, நினைப்பையும் நடந்துக்கிற விதத்தையும் மாத்தி பழகுற பேச்சு சிகிச்சை அங்க இருந்து வளர்ந்தது தான்.

உங்க வீட்டுலயே பாருங்க. காலைல 9.20க்கு வீட்டுக்காரர் போன் எடுக்கல. உங்க மனசுல ஓடுறது "ஆக்சிடென்ட்". கை நடுங்குது, வயித்த கலக்குது, அழுகை வருது. அதே போனை உங்க மாமியாரும் தான் பண்றாங்க, அவர் எடுக்கல, "வண்டி ஓட்டிட்டு இருப்பான்"னு வெச்சுட்டு வெங்காயம் உரிக்க போயிடுறாங்க. எடுக்காத போன் ஒண்ணு தான், ரெண்டு பேருக்கும் வந்த நினைப்பு வேற, அதனால ரெண்டு பேர் உடம்பும் வேற மாதிரி நடந்துக்குது.

ஆனா நினைப்பு அவிநாசி ரோட்டுல போற லாரியை ஒண்ணும் பண்ணாது. அது உங்க தோலுக்கு உள்ள மட்டும் தான் வேலை செய்யும். வெளில ஏதாவது மாறணும்னா நடுவுல ஒரு செயல் வேணும். "வண்டி ஓட்டுறப்ப போன் எடுக்காதீங்க"ன்னு சொன்னா அது செயல். நீங்க இப்போ பண்றது என்னன்னா அவர் வண்டி ஓட்டுற நேரத்துல தான் 8 தடவை 10 தடவை கூப்பிடுறீங்க. உங்க நினைப்பால அவருக்கு ஆபத்து இல்ல, ஆனா இந்த போனால கொஞ்சம் இருக்கு. கோவிச்சுக்காதீங்க, இதை சொல்லாம விட முடியல.

அப்புறம் "நெஞ்சு படபடன்னு வருது டாக்டர், ஏதோ நடக்க போகுதுன்னு உள்ளுக்குள்ள தெரியுது"ன்னு எழுதியிருக்கீங்க. பயம் வந்தா அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு அடிச்சுக்கும், அவ்வளவு தான். அந்த படபடப்பு உங்க நினைப்போட விளைவு, அதையே எடுத்து அந்த நினைப்புக்கு சாட்சி சொல்ல கூப்பிட கூடாது. உணர்ச்சி நிஜம், நீங்க நடிக்கல, ஆனா அது எதிர்காலத்தை பத்தின தகவல் கிடையாது.

பாசிடிவ்வா மட்டும் நினைக்கிறது எப்படி?

முடியாது. உங்களால மட்டும் இல்ல, யாராலயும் முடியாது, முயற்சியும் பண்ண வேண்டாம்.

1978ல லண்டன்ல ஸ்டான்லி ராக்மனும், இலங்கையில இருந்து போய் அங்க வேலை பாத்த பத்மல் டி சில்வாவும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. எந்த மனநோயும் இல்லாத சாதாரண ஆளுங்ககிட்ட, வேண்டாத அசிங்கமான பயங்கரமான நினைப்பு திடீர்னு வருமான்னு கேட்டாங்க. பெரும்பாலானவங்க ஆமான்னாங்க. குழந்தையை தூக்கிட்டு மாடில நிக்கிறப்ப கீழ போட்டுட்டா என்னன்னு வர்றது, ரயில் வர்றப்ப குதிச்சா என்னன்னு வர்றது, சாமி கும்பிடுறப்ப கெட்ட வார்த்தை வர்றது, எல்லாமே. நோய் இருக்குறவங்களுக்கு வர்ற நினைப்போட சரக்கும் இவங்களுதும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். சாதாரண ஆளுங்க "ச்சே, என்ன இது"ன்னு விட்டுட்டு அடுத்த வேலைக்கு போயிடுறாங்க, நோய் இருக்குறவங்க "இப்படி ஒண்ணு ஏன் வந்துச்சு, அப்போ நான் எப்படிப்பட்டவ"ன்னு உக்காந்துடுறாங்க.

அதை விரட்ட போனா என்ன ஆகும்னும் பாத்துட்டாங்க. 1987ல டேனியல் வெக்னர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், காலேஜ் பசங்கள 5 நிமிஷம் வெள்ளை கரடியை நினைக்காதீங்க, நினைச்சா மணி அடிங்கன்னு உக்கார வெச்சாரு. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதை விட முக்கியம், அப்புறமா "இப்போ நினைச்சுக்கலாம்"னு விட்டப்ப, ஆரம்பத்துல இருந்தே நினைக்க அனுமதி இருந்தவங்கள விட இவங்களுக்கு கரடி கூடுதலா வந்துச்சு. நீங்க நாள் முழுக்க லாரியை நினைக்க கூடாதுன்னு காவல் காக்குறீங்க, காவல் காக்கணும்னாலே லாரியை ஞாபகம் வெச்சுக்கணுமே.

தாலியை ஒத்திக்கிறதும் 3, 6, 9 நோட்டும் அந்த காவலோட பகுதி தான். ஒத்திக்கிட்ட உடனே நிம்மதி வருது, அந்த நிம்மதி தான் பிரச்சனை. சொறி மாதிரி, சொறிஞ்சா சுகம், சுகமா இருக்கேன்னு சொறிய சொறிய புண்ணு பெருசாகும். அவர் பத்திரமா வந்ததும் மனசு "7 தடவை ஒத்திக்கிட்டதால தான் வந்தாரு"ன்னு கணக்கு எழுதிக்கும், ஒத்திக்காம இருந்தாலும் வந்திருப்பாருன்னு தெரிஞ்சுக்க வாய்ப்பே கிடைக்காம போகுது.

இது சாமி கும்பிடுறத பத்தின பேச்சு இல்லம்மா. காலைல விளக்கேத்துங்க, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு போங்க. எண்ணிக்கை தப்புனா ஆள் செத்துடுவாங்கன்னு பயந்து பண்றப்ப தான் அது வியாதியோட வேலையாகுது.

அதனால அந்த 2,999 ரூபா கோர்ஸ் வேண்டாம். இன்னும் பலமான காவல்காரனா உங்கள மாத்துறதுக்கு தான் அதுல பயிற்சி கிடைக்கும். அந்த வீடியோ சேனல் எல்லாத்தையும் போன்ல "வேண்டாம்"னு போட்டுடுங்க, பாக்க பாக்க அதே மாதிரி தான் இன்னும் தள்ளிவிடும்.

அப்போ என்ன செய்யலாம்

லெட்டரை வெச்சு நோய் இதுன்னு முடிவா சொல்ல கூடாது, ஆனா நீங்க எழுதியிருக்கறது ஓசிடிங்கற எண்ணச்சுழற்சி நோயோட நிறைய ஒத்துப்போகுது, கூடவே அப்பா போன துக்கமும் அழுது தீராம உள்ள கிடக்குது. ஓசிடின்னா கை கழுவுறதுன்னு தான் ஊர்ல நினைப்பு, இப்படி நினைப்பும் எண்ணிக்கையுமாவும் வரும். நினைச்சாலே நடந்துடும்னு நம்புறது இந்த நோயில நாங்க அடிக்கடி பாக்குற ஒண்ணு.

இதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு. பயத்தை வர விட்டு, சடங்கை பண்ணாம இருக்க பழகுறது தான் அதோட அடிப்படை. முறையா பண்ண பயிற்சி இருக்குற சைக்காலஜிஸ்ட் வேணும், பொதுவா 12ல இருந்து 20 தடவை பாக்க வேண்டி வரும். அது அமையுற வரைக்கும் வீட்டுல சின்னதா ஆரம்பிக்கலாம். உங்க சடங்கு எல்லாத்தையும் எழுதி, எதை விட்டா கம்மியா பயம் எதை விட்டா ரொம்ப பயம்னு வரிசைப்படுத்துங்க. கம்மியானதுல இருந்து தொடங்குங்க, உதாரணத்துக்கு 3, 6, 9 நோட்டை நிறுத்துறது. அப்புறம் தாலியை 7க்கு பதிலா வேணும்னே 4 தடவையோட விட்டுட்டு வேற வேலை பாக்குறது. போனை பொறுத்த வரைக்கும், போய் சேர்ந்ததும் அவர் ஒரு மெசேஜ் போடட்டும், நீங்க கூப்பிடுறத முதல்ல 10 நிமிஷம் தள்ளுங்க, அடுத்த வாரம் 20. பயம் ஏறும், நல்லாவே ஏறும், ஆனா நீங்க ஒண்ணும் பண்ணலன்னாலும் கொஞ்ச நேரத்துல தானா இறங்கும், இதை உங்க உடம்பு ஒரு பத்து தடவையாவது நேர்ல பாக்கணும், நான் எழுதி நீங்க படிச்சு வராது. ஸ்கூல் வேன் வரிசைல மேல இருக்கும், அதை கடைசியா வெச்சுக்கலாம், ஆனா விட்டுடாதீங்க, பாப்பா உங்க முகத்தை பாத்து தான் உலகம் எவ்வளவு பயங்கரமானதுன்னு கத்துக்குது.

நினைப்பை நோட்டுல எழுதி "இதுக்கு ஆதாரம் என்ன"ன்னு பாக்குற பயிற்சி சாதாரண கவலைக்கும் மனச்சோர்வுக்கும் ரொம்ப நல்லது. உங்களுக்கு மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை, நாளுக்கு ஒரு தடவைக்கு மேல வேண்டாம், இல்லன்னா அதுவும் 3, 6, 9 மாதிரி இன்னொரு சடங்காயிடும்.

வீட்டுக்காரர்கிட்ட இந்த பாராவை காட்டுங்க. சார், அவங்க "ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு கேக்குறப்ப ஒரு தடவைக்கு மேல "ஆகாது"ன்னு சொல்லாதீங்க. திட்டவும் வேண்டாம். "பயமா இருக்கா, சரி இருக்கட்டும், நான் கிளம்புறேன்"னு சொல்லிட்டு கிளம்புங்க. முதல் வாரம் கல் நெஞ்சுக்காரன் மாதிரி தான் தெரியும்.

வேலையை விடாதீங்க. இப்போ உங்க நாள்ல நினைப்பை கவனிக்காம வேற எதையாவது கவனிக்கிற நேரம்னு பாத்தா அந்த 8 மணி நேரம் தான்.

மாத்திரை, சட்டம், இன்சூரன்ஸ்

மாத்திரை எல்லாருக்கும் தேவைப்படாது, ஆனா உங்களுக்கு வேலை, தூக்கம் ரெண்டும் அடிபட்டிருக்கறதால டாக்டர் சொல்ல வாய்ப்பு இருக்கு. ஃப்ளூஆக்சிடின், செர்ட்ராலின் மாதிரி மருந்துங்க தான் பொதுவா முதல்ல குடுக்குறது. இது போதை பழக்கமா ஒட்டிக்கிற மருந்து இல்ல. ஆரம்பத்துல குமட்டல், தலைவலி, கொஞ்சம் பதட்டம் வரலாம், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல குறையும். ஓசிடிக்கு முழு பலன் தெரிய 8ல இருந்து 12 வாரம் ஆகும், நிறைய பேர் மூணாவது வாரமே "கேக்கல"ன்னு நிறுத்திடுறாங்க. நல்லானதும் ஒரு வருஷத்துக்கு குறையாம தொடர்ந்து, அப்புறம் டாக்டரே மெதுவா குறைப்பாரு. ஆயுசு முழுக்கன்னு எல்லாருக்கும் கிடையாது. பழக்கம் பிடிக்கிறது வேற ரகம், மெடிக்கல் ஷாப்ல "தூக்கம் வரல"ன்னு கேட்டு அல்ப்ரசோலம் வாங்கி போடுறது, அது பக்கம் நீங்களா போயிடாதீங்க. முதல் தடவை பாக்குறப்ப தைராய்டு, ஹீமோகுளோபின் டெஸ்ட்டும் எடுத்துடுங்க, படபடப்புக்கு அதுவும் காரணமா சேர்ந்திருக்கலாம்.

டைவர்ஸ் பயத்துக்கு வர்றேன், நான் வக்கீல் இல்ல, ஆனா இதை அடிக்கடி கேக்குறாங்க. இந்து திருமணச் சட்டம் 13வது பிரிவுல மனநோயை காரணமா காட்ட இடம் இருக்கு, ஆனா கூட சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு இருந்தா தான். மனநோய்னு பேர் இருந்தா மட்டும் பத்தாது, எந்த அளவுன்னு பாக்கணும்னு 1988லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல 3வது பிரிவு, ஒருத்தருக்கு மனநோய்னு சொன்னாலே அவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர்னு ஆகிடாதுன்னு சொல்லுது. 23வது பிரிவுப்படி உங்க சிகிச்சை விவரம் ரகசியம், சட்டம் அனுமதிக்கிற சில நிலைமை தவிர டாக்டர் வெளில சொல்ல முடியாது. கம்பெனிக்கு நீங்களா போய் சொல்லணும்னு அவசியமும் இல்ல.

இன்சூரன்ஸ்ல மட்டும் ஒரு விஷயம். உடல் நோய்க்கு குடுக்குற மாதிரியே மன நோய்க்கும் காப்பீடு குடுக்கணும்னு அதே சட்டம் 21வது பிரிவுல இருக்கு. ஆனா புது பாலிசி எடுக்குறப்ப பாரத்துல கேட்டா உண்மையை எழுதிடுங்க, மறைச்சா பின்னாடி க்ளெய்ம் வர்றப்ப மாட்டிக்குவீங்க.

செலவை நினைச்சு தள்ளி போட வேண்டாம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநல டாக்டர் இருப்பாங்க, மாத்திரையும் இலவசம். கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உங்களுக்கு தூரமும் இல்ல. ஈஎஸ்ஐ கார்டு இருந்தா அதுலயும் பாக்கலாம். போறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலிமனாஸ், மத்திய அரசோடது, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. "அப்பாவை கொன்ன நான் எதுக்கு இருக்கணும்"னு ஒரு இடத்துல எழுதியிருக்கீங்க. அது அந்த நேரத்து வேதனையா, இல்ல சாகணும்னு நிஜமாவே தோணுதான்னு லெட்டர்ல எனக்கு தெரியல. தோணுதுன்னா இந்த வாரம், அடுத்த வாரம்னு பாக்காதீங்க, இன்னைக்கே வீட்டுக்காரர்கிட்ட சொல்லி, அவரையும் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க.

பரிகாரத்துக்கு அத்தை கூப்பிட்டா சண்டை போட வேண்டாம், அவங்க மன திருப்திக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க, ஆனா டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை அதுக்காக தள்ளாதீங்க, 48 நாள் முடியட்டும்னும் காத்திருக்காதீங்க.

ரெண்டாவது குழந்தைக்கு யோசிக்கிறோம்னு கடைசில ஒரு வரி போட்டிருக்கீங்களே, அதை முதல் தடவையே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. எந்த மாத்திரை, எவ்வளவு, கர்ப்பமானா தொடரலாமா மாத்தலாமான்னு அதை வெச்சு தான் அவங்க முடிவு பண்ணுவாங்க. நாள் தள்ளி போனது தெரிஞ்சதும் பயந்து நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, முதல்ல அவங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க.